முப்பத்து மூன்று வரப்புகள்

இதை முதன்முதலில் சொன்னவர் சடையப்பன். நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நின்றவர்; மறுமுனையைப் பிடித்தவர்கள் எல்லாரும் பதவி உயர்வு பெற்றுப் போய்விட, தாம் மட்டும் அதே முனையில் நின்று ஓய்வுபெற்றவர். அளந்து பாராத எதையும் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே, கரட்டிடைப்பாளையத்துக்குத் தெற்கே இருந்த ஊமைக்கரடும் வடக்கே இருந்த சீரான்கரடும் ஆகிய இரு குன்றுகளும், கோடிக்கணக்கான ஆண்டுகள் நின்ற இடத்தில் நின்றது போதும் என்பதுபோல், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றையொன்று நோக்கி நடக்கத் தொடங்கின என்பதையும், நாளொன்றுக்கு இருபது அடி என்ற கணக்கோடுதான் அவர் சொன்னார். கேட்டவர்களும் அது நடக்கக்கூடியதா என்று கேட்கவில்லை. இருபது அடி என்பது அடிவாரத்திலிருந்தா, உச்சியிலிருந்தா என்றுதான் கேட்டார்கள்.

இரண்டு கரடுகளும் நெருங்கினால் இடையில் கிடந்த மண் எங்கே போகும்? சேலைக் கொசுவம்போல அது மடிந்தது. வீடுகள் இடியவில்லை, கிணறுகள் தூர்ந்துபோகவில்லை, கட்டுத்தறியில் நின்ற எருமை அசைபோடுவதை நிறுத்தவில்லை. ஆனால் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக் காடுகள் மட்டும், அரிசிப்பானையில் மூடியை நகர்த்துவதுபோல ஓசையில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. தெற்கிலிருந்த காடு மேலே வந்தது. வடக்கிலிருந்த காடு கீழே போனது.

அப்படிக் கீழே போன காடுகளில் ஒன்று பாவாயியினுடையது.

பாவாயிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். இருபத்தோராம் வயதில் அவளுடைய தந்தை, மகன் இல்லாத குறையை ஒருவாறு தீர்த்துக்கொள்ள எண்ணி, பதினொன்றேகால் சென்ட் காட்டை அவள் பெயருக்குப் பத்திரம் செய்து கொடுத்தார். பெண்பிள்ளைக்கு நிலமா என்று அன்றைக்கே முகம் சுளித்தவர் பங்காளி வீட்டு அர்த்தனாரி. பாவாயியின் காட்டுக்குத் தெற்கே அவருக்கு நான்கு ஏக்கர் இருந்தது. முகம் சுளித்ததோடு அவர் நிற்கவில்லை. அந்த ஆண்டு முதல் மழைக்கு ஏர் பூட்டியபோது, இரண்டு நிலங்களுக்கும் நடுவில் இருந்த வரப்பின் தென்புறத்தை மூன்று அங்குலம் கலப்பையால் சீவி, வடபுறத்தில் மூன்று அங்குலம் மண் அணைத்துவிட்டார். மறு ஆண்டும் அப்படியே. அதற்கு மறு ஆண்டும் அப்படியே. மலைகள் நகர்வதைப்போலவே வரப்பும் நகர்ந்தது: யாரும் பார்க்கும்போது நகரவில்லை, நகராத ஆண்டும் இல்லை.

பாவாயி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தந்தையின் தாம்புக்கயிற்றால் தன் காட்டை அளப்பாள். அளந்துவிட்டு நேரே அர்த்தனாரியின் வாசலுக்குப் போவாள்.

"ஏனுங்ண்ணா, உங்க கலப்பைக்குக் கண்ணு கிண்ணு அவிஞ்சு போச்சுங்களா?"

"அம்மணி, கவுறு நனைஞ்சா சுருங்கும், காய்ஞ்சா நீளும். நீ கவுத்தைப் போய்க் கேளு."

நில அளவுக்கு அவள் பத்தொன்பது முறை மனுக் கொடுத்தாள். பத்தொன்பது முறையும் அளவர் வந்தார், சங்கிலியோடு சடையப்பன் வந்தார், மூலையில் நட்டிருக்க வேண்டிய அளவுக்கல்லைத் தேடினார்கள், கல் இல்லை. கல் இல்லாமல் அளக்க விதி இல்லை. விதி இல்லாததால் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மெல்ல மெல்ல ஊர் அவளுக்கு 'வரப்புப் பாவாயி' என்று பெயர் வைத்தது. பள்ளிப் பிள்ளைகள்கூடச் சாம்பார் குறைந்தால், "ஆயா, வரப்பு நகந்துருச்சா?" என்று தட்டை நீட்டினார்கள். நிலம் போனதைவிட, பொய்க்காரி என்று ஆனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் ஊர் கூடி நிற்கும்போது அந்த நிலம் அளக்கப்பட வேண்டும். அதற்குமேல் அவள் இந்த உலகத்தில் எதையும் கேட்கவில்லை.

கரடுகள் நடக்கத் தொடங்கியபோது பூமியில் முதற்பிளவு விழுந்தது இவ்விருவரின் நிலத்தில்தான். ஆனால் அது வரப்பில் விழவில்லை. வரப்புக்குத் தெற்கே, அர்த்தனாரியின் சோளத்துக்கு நடுவில், வாய்க்கால் வெட்டியதுபோல் நேர்கோடாக விழுந்தது. அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்த நிலம் எழும்பி, வடக்கே இருந்ததன்மேல் நகரத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில், அர்த்தனாரி பேணிக் காத்த வரப்பையே அவருடைய நிலம் விழுங்கிவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அவர் பாவாயியின் வாசலுக்கு வந்தார்.

"ஏம்புள்ளெ, வரப்பைத் தொட்டியா? என்ற நெலத்துல வடக்கு ஓரமே காணோம்!"

"தொட்டிருந்தா இந்தக் கை இந்நேரம் இருந்திருக்குமுங்களாண்ணா? கவுறு நனைஞ்சிருக்கும். போய்க் காயப் போடுங்க."

அதன்பின் இருபத்திரண்டு நாட்கள், நாளொன்றுக்கு மூன்றடியாக, பாவாயியின் துவரையும் ஆமணக்கும் அர்த்தனாரியின் சோளத்துக்கு அடியில் போயின. அவள் தினமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எஞ்சிய பகுதியில் நின்று பார்த்தாள். கடைசி நாள் நிற்க இடம் இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

ஊர் இதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைச் சடையப்பன் விரிவாகச் சொன்னார். ஏனெனில் மலை நடந்தது ஏழே மாதம், ஊர் அதைக் குறித்துக் கூட்டம் நடத்தியது பதினான்கு மாதம். முதலில் கிராமசபை கூடி, இரு கரடுகளும் பட்டா நிலங்களை ஆக்கிரமித்துள்ளன என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பேரில், பதினைந்து நாட்களுக்குள் தாமாக முன்வந்து ஆக்கிரமிப்பை அகற்றிக்கொள்ள வேண்டும் என்று ஊமைக்கரட்டின் நெற்றியில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பதினாறாம் நாள், மலைத் தரப்பில் எவரும் ஆஜராகாததால் ஒருதலையாக உத்தரவு பிறப்பிக்கப்பட்டு, அதன் நகலும் அதே பசையால், மலை அதற்குள் முந்நூற்று இருபது அடி நகர்ந்திருந்தபடியால் தேடிப் பிடித்து, ஒட்டப்பட்டது. வட்டத் தலைநகருக்குப் போகும் பேருந்துப் பாதை பதினான்கு கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டே முக்காலாகச் சுருங்கியது. கட்டணத்தைக் குறையுங்கள் என்று பயணிகளும், பலகையில் எழுதியிருப்பதை மலை வந்து அழித்தாலன்றிக் குறைக்க இயலாது என்று நடத்துநரும் வழக்காட, கொடுத்த கட்டணத்துக்குக் குறையாத நேரம் பயணிகள் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவாகி, பேருந்து பாலத்தருகே தினமும் நான்கு நிமிடம் எஞ்சினை அணைக்காமல் சும்மா நின்றது. மாமியார்த் தொல்லை எட்டாத தொலைவில் மகளைக் கொடுத்திருந்த குடும்பங்களுக்குச் சம்பந்தி வீடு கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது. சாலைச் சந்திப்பில் பதாகை ஒன்று முளைத்தது: 'இரு மலைகளை இணைத்த இதய நாயகரே!' நாயகர் அந்த மலைகளைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நன்றி தெரிவிக்க நேரில் வந்தார். வந்த வழி குறுகியிருந்ததால், ஒலிபெருக்கி கட்டி முடிப்பதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்.

மடிந்த மண்ணின் அழுத்தமும் சூடும் அண்டை அயலில் இருந்தவற்றையும் மாற்றத் தொடங்கின. வெற்றிலை போடுகிறவர்களின் டப்பியில் இருந்த சுண்ணாம்பு பளிங்காகிவிட்டது. தடவ வழியின்றி மூன்று தெருக்காரர்கள் வாய் சிவக்காமல் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவர் பளிங்காகி, அதில் பிள்ளைகள் கரியால் கிறுக்கியிருந்த 'தமயந்தி ஒரு குரங்கு' என்பது கல்வெட்டாகி நிலைத்தது. அடுப்பங்கரைக் களிமண் முதலில் மினுமினுத்தது, பிறகு இறுகியது, பிறகு மாதுளை முத்துப்போலச் செம்மணிகளைக் கோத்துக்கொண்டது. வெண்சுவர் திட்டத்தின்கீழ் வழங்கிய சுண்ணாம்பு எங்கே என்று கல்வித் துறை விளக்கம் கேட்டது. தலைமையாசிரியர் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்து உறையிலிட்டு அனுப்பிவைத்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து முனைவர் மெர்சி ரூபா என்ற நிலவியல் அறிஞர் வந்தபோது, ஊரே வேப்பமரத்தடியில் கூடியது. அவர் கையில் சிறு சுத்தியல் மட்டும் இருந்தது. அதனால் அவர் சொன்னது சட்டப்படி செல்லுமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது.

"உங்க கரடு ரெண்டும் புதுசா ஒண்ணும் செய்யலைங்க. ஐம்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னால இங்க ஒரு கடல் இருந்தது. அந்தப் பக்கத்து நிலமும் இந்தப் பக்கத்து நிலமும் நெருங்கி வந்து முட்டினதுல கடல் மூடிக்கிச்சு. கரையில கிடந்த சேறும் சுண்ணாம்பும் இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய், எண்ணூறு டிகிரி சூட்டுல வெந்து, வேற கல்லா மாறி, மறுபடியும் மேல வந்திருக்கு. நீங்க உட்கார்ந்திருக்கிற பாறைகூட அப்படி வந்ததுதான்."

பாறைமேல் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து வேட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் நம்மளோட ஒட்டித்தான் இருந்துச்சு. அப்புறம்தான் பிரிஞ்சு போச்சு."

"அப்ப பங்காளிங்கன்னு சொல்லுங்க," என்றார் தேநீர்க் கடைக்காரர். "பாகம் பிரிச்சப்ப பத்திரம் ஏதாச்சும் பண்ணினாங்களா?"

"பாறைதாங்க பத்திரம். அழுத்துனா கல்லு எதையும் மறக்காது. எந்தப் பக்கத்துல இருந்து அழுத்துனது, எத்தனை தடவைன்னு கோடு கோடா உள்ளுக்குள்ள எழுதி வெச்சிருக்கும்."

பின்வரிசையில் நின்ற பாவாயி கேட்டாள். "ஏனுங்க, அத்தன ஆழம் போனது மேல எப்படிங்க வந்துச்சு?"

"மேல இருந்த பாரமெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போச்சும்மா. மூட்டையை இறக்க இறக்கப் பரிசல் எழும்புதில்ல, அது மாதிரி."

"எத்தன நாளாகுமுங்க?"

"சில கோடி வருஷம் ஆகும்மா."

"பரவால்லீங்க," என்றாள் பாவாயி. "முப்பத்து மூணு வருசம் ஏற்கெனவே பாத்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அர்த்தனாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முனைவரின் மேசையில் இருந்த செம்மணிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இது கீழே போன நிலமெல்லாம் நிறைந்திருக்குமா என்று கேட்டார். நிறைந்திருக்கும் என்று பதில் வந்ததும் எழுந்து போய்விட்டார். அந்த மணிகளில் பெரும்பாலானவை விரிசல் விட்டவை, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் உப்புத்தாள் செய்வதற்கு மட்டுமே ஆகும் என்ற அடுத்த வாக்கியத்தைக் கேட்க அவர் அங்கே இல்லை.

இதற்கிடையில் கிராம நிர்வாக அலுவலர் மதிவாணனுக்கு உறக்கம் போயிருந்தது. ஊரின் மொத்தப் பரப்பு நானூற்று எட்டு ஏக்கர் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியாயிற்று; ஏடு மாறலாம், மை மாறலாம், ஆட்சி மாறலாம், மொத்தம் மாறக் கூடாது. மலைகளோ ஏறக்குறைய அறுபது ஏக்கரை மடித்து உள்ளே வைத்துவிட்டன. பதினோரு நாள் யோசித்து அவர் ஒரு வழி கண்டார்: பதிவேட்டில் புல எண்ணுக்கு அருகே புதிய கட்டம் ஒன்றைச் சிவப்பு மையால் வரைந்து, ஏறிய நிலத்துக்கு 'மேல்' என்றும் இறங்கிய நிலத்துக்குக் 'கீழ்' என்றும் எழுதினார். கூட்டிப் பார்த்தார். நானூற்று எட்டு. மாவட்ட அலுவலகம் அவரைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. மேல்காரர்கள் கீழ்காரர்களைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "நெலம் மேலயா, கீழயா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

அர்த்தனாரிக்கு இந்தக் கட்டம் முள்ளாகத் தைத்தது. மேலே தாம் நிற்கிறோம். ஆனால் மணி கிடப்பது கீழே. கீழே என்ற கட்டத்தில் பாவாயியின் பெயர். அவர் ஊராட்சித் துணைத் தலைவர். ஒரு தாளோடு பள்ளிச் சமையல்கூடத்துக்கே வந்தார்.

"அம்மணி, கெடக்கற எடம் தெரியாத நெலத்தை வெச்சு நீ என்ன பண்ணப்போற? ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. நாஞ் சும்மா கேக்கல, ஏதாச்சும் பாத்துத் தரேன்."

"அண்ணா, மேல இருந்தப்ப நீங்க கேக்கவே இல்ல, எடுத்துக்கிட்டீங்க. கீழ போனப்பறம் கேக்கறீங்க. கீழ போனதும் நெலத்துக்கு மருவாதி வந்துருச்சு பாருங்க."

"பள்ளிக்கூடத்து அடுப்பு உனக்கு நெலைக்கோணுமா, வேண்டாமா?"

பாவாயி கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். "அடுப்பு உங்களுது இல்லீங்கண்ணா. ஆனா எடுத்துக்குங்க. எடுக்கறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

அடுத்த திங்கட்கிழமை அடுப்பருகே வேறொருத்தி நின்றாள். அன்றிலிருந்து பாவாயிக்கு வருமானம் என்று எதுவும் இல்லை. இருந்தது ரேசன் அரிசியும், 'கீழ்' என்று எழுதிய ஒரு கட்டமும்தான். அவள் தினமும் தாம்புக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, தன் காடு இருந்த இடத்தின்மேல் இருந்த காட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பார்த்தவர்கள், "வரப்புப் பாவாயி, கீழ அளக்கறதுக்குக் கவுறு பத்துமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பத்தும் என்று அவள் சொன்னாள்.

தை மாதத்தில் கரடுகள் நின்றன. மாசியில் அர்த்தனாரி தம் மேல் நிலத்தை வெட்ட உரிமம் வாங்கினார். தம் நிலத்தைத் தாம் வெட்டுவதற்கு எவர் கையெழுத்தும் வேண்டியதில்லை. வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் கீழ் நிலத்தின் தலை தெரியும். தெரிந்தபின் எது மேல், எது கீழ் என்று எவன் வந்து பார்க்கப் போகிறான்? இதுதான் அவர் கணக்கு. அழுத்தத்தில் இறுகிக் கிடந்த மேல் நிலத்தை இயந்திரங்கள் உடைத்தன, நொறுக்கின, ஜல்லியாக்கின. மாவட்டத் தலைநகருக்கு அப்பால் போட்டுக்கொண்டிருந்த நான்கு வழிச் சாலைக்கு நாளொன்றுக்கு முப்பது லாரி போயிற்று.

அப்போதுதான் ஊர் ஒரு விந்தையைக் கவனித்தது. கவனித்து, அதற்கும் பழகிக்கொண்டது. எவ்வளவு வெட்டினாலும் பள்ளம் விழவில்லை. காலையில் ஓரடி வெட்டினால் மாலைக்குள் அடியிலிருந்து ஓரடி எழும்பி, தரை பழைய மட்டத்துக்கே வந்து நின்றது. அர்த்தனாரி பூரித்துப்போனார். குழியே விழாத குவாரி தமிழ்நாட்டில் தம் ஒருவருக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று தேநீர்க் கடையில் சொன்னார். கடைக்காரர் அவருக்கு மட்டும் பால் அதிகமாக ஊற்றினார். அவர் லாரிக்குக் கற்பூரம் காட்டினார், இயந்திரத்துக்கு மாலை போட்டார், எழும்புகிற மண்ணுக்கு முன்னால் எலுமிச்சை நறுக்கினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாவாயி மட்டும், ஒவ்வொரு லாரியும் புறப்படும்போது, பரிசலிலிருந்து ஒரு மூட்டை இறங்கிற்று என்று விரலை மடக்கினாள்.

ஆனி மாதம் பிறந்து ஒன்பதாம் நாள், இயந்திரம் ஓட்டியவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"பெரியவரே! கோடு போட்ட கல்லு வருதுங்க!"

மேல் நிலத்தின் கடைசி விள்ளல் அன்று காலை லாரியில் போயிருந்தது. அந்த இடத்தில், கதிரவன் படப் படத் தகதகத்துக்கொண்டு, வேறொரு நிலம் வந்து நின்றது. அதன் மண் செம்மணித் துகள் கலந்து கருஞ்சிவப்பாக இருந்தது. அதில் ஆமணக்கின் அடித்தூர்கள் வரிசை குலையாமல் கல்லாகி நின்றன. தென் ஓரத்தில் மட்டும் மண் இல்லை, வெறும் பாறை, அந்தப் பாறையில் கிழக்கு மேற்காக, கருப்பும் வெளுப்புமாக, ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் செம்மணி கோத்து, சுங்குடிச் சேலைக் கரைபோலக் கோடுகள் ஓடின. கோடுகளுக்குத் தெற்கு எல்லையில், மூலையில், உச்சியில் வெட்டுக்குறி பொறித்த ஓர் அளவுக்கல் நிமிர்ந்து நின்றது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆளுயரக் குழி தோண்டி அர்த்தனாரி தம் கையாலேயே படுக்கவைத்துப் புதைத்த கல் அது. எந்தச் சூட்டில் எப்படிப் புரண்டதோ, நின்றுகொண்டு வந்துவிட்டது.

ஊர் கூடியது. அலுவலர் மதிவாணன் பதிவேட்டோடு வந்தார். நில அளவர் வந்தார். சடையப்பன், ஓய்வுபெற இன்னும் எட்டே நாள் இருந்த நிலையில், சங்கிலியோடு வந்தார். அன்றைக்கு அவருக்கு மோர் கொடுக்க யாருக்கும் நினைவில்லை.

"இது என்ற நெலம்," என்றார் அர்த்தனாரி. "நான் வெட்டுன எடத்துல வந்துச்சு, அப்ப எனக்குத்தானே?"

மதிவாணன் ஏட்டைப் புரட்டினார். "உங்களுது மேல்ங்க. இது கீழ்."

"அப்ப என்ற மேல் எங்க?"

"நாலு வழிச் சாலையிலங்க. ஆனா பயப்படாதீங்க, பதிவேட்டுல இருந்து நான் எடுக்க மாட்டேன். எடுத்தா மொத்தம் குறைஞ்சுரும். உங்க நெலம் இதே எடத்துல, இதுக்கு மேல, அப்படியே உங்க பேருல இருக்கு."

எல்லாரும் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். ஆமணக்குத் தூர்களுக்கு மேலே ஆனி மாதத்துக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உங்க காட்டுல காக்கா பறக்குது," என்றாள் பாவாயி. "வெள்ளாமைய தின்னுறப்போவுது, வெரட்டிக்குங்க."

அர்த்தனாரி கடைசிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். "சரி, அவளுது எப்பவும் பத்து சென்ட்டுதான். அத எடுத்துக்கட்டும். இந்தக் கோடு போட்ட ஓரம் நான் உழுத மண்ணு. ஊருக்கே தெரியும்."

"கல்லு இருக்குதுங்களே," என்றார் நில அளவர். இருபதாம் முறையாக அந்த இடத்துக்கு வந்திருந்த சடையப்பன், தம் வாழ்நாளில் முதன்முறையாகச் சங்கிலியின் மறுமுனையைக் கேட்காமலே வாங்கி, அளவுக்கல்லில் வைத்து, உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக அளந்து உரக்கப் படித்தார். "ஒண்ணாவது கோடு, மூணு அங்குலம். ரெண்டாவது, மூணு. மூணாவது, மூணு." பாவாயி தாம்புக்கயிற்றை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். "பதினேழாவது, மூணு. பதினெட்டாவது, ரெண்டு."

"அது வெள்ளம் வந்த வருசமாட்ட இருக்குது," என்றார் தேநீர்க் கடைக்காரர் மெதுவாக. "அந்த வருசம் ஆரும் சரியா ஏர் பூட்டல."

"பத்தொன்பதாவது, மூணு. இருபதாவது, மூணு. இருபத்தொண்ணாவது, நாலு."

"நாலா?" அர்த்தனாரி முன்னால் பாய்ந்தார். "நாலு இல்லீங்க! புள்ள கல்யாணத்து வருசம், ஒரு வீம்புல, மூணரைதான் தள்ளுனேன்!"

கூட்டத்தின் பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்து, அர்த்தனாரியின் முதுகில் மோதி நின்றது. பாவாயி சிரிக்கவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, முப்பத்து மூன்று ஆண்டுகளாகத் தான் சொன்னதை வேறொரு வாய் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றாள். சடையப்பன் மட்டும் தம் தொழிலுக்குக் குறை வைக்காமல் குனிந்து, அந்தக் கோட்டை மறுபடியும் அளந்தார்.

"நாலு," என்றார். "மூணரை இல்லீங்க. நாலுதான்."

கோடுகள் மொத்தம் முப்பத்து மூன்று. எல்லாம் கூட்டினால் அகலம் தொண்ணூற்றொன்பது அங்குலம். அதாவது எட்டேகால் அடி. நீளம் அறுபத்தாறு அடி. மறுவாரம் பள்ளிப் பிள்ளைகள் புதுச் சமையல்காரியின் சாம்பாரைத் தொடாமல் தட்டைக் கவிழ்த்துவைத்ததால், பாவாயி மறுபடியும் அடுப்புக்கு அழைக்கப்பட்டாள். கரண்டிக் குறை சொல்ல எந்தப் பிள்ளைக்கும் அதன்பின் வாய் வரவில்லை. கீழே போன மற்றக் காடுகள் இன்றும் கீழேயே இருக்கின்றன. அவற்றின் மேலிருப்பவர்கள் எவரும், எவ்வளவு ஆசை இருந்தாலும், தம் நிலத்தில் கடப்பாரை வைப்பதில்லை. அர்த்தனாரி தம் காற்றுக்கு ஆண்டுதோறும் தீர்வை கட்டுகிறார். பாவாயியின் புல எண்ணுக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், மதிவாணன் கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. தாம் சொன்னதை நம்பாதவர்களுக்குச் சடையப்பன் அதன் நகலை எடுத்துக் காட்டுவது வழக்கம்: அளவையில் கண்டறியப்பட்டு, உரியவருக்கு மலையால் திருப்பி அளிக்கப்பட்டது, ஐந்நூற்று நாற்பத்து நான்கரை சதுர அடி.